கைப்பிடி அரிசியின் பொருளாதாரம்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, வாசலில் நின்ற சபைக் குழு உறுப்பினர் ஒருவர் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் உறையைத் தந்தார். உள்ளே இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று, அடுத்த ஐந்தாண்டுகளில் எங்கள் சபை மேற்கொள்ள விரும்பும் பணிகளை விளக்கும் கடிதம். மற்றொன்று, அப்பணிகளுக்காக மாதந்தோறும் எவ்வளவு தர இயலும் என்று எழுதிக் கையொப்பமிட்டுத் தர வேண்டிய வாக்குறுதி அட்டை.

ஓசூரிலிருந்து இராயக்கோட்டைக்குச் செல்லும் சாலையில் உள்ளது உத்தனப்பள்ளி. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தையில் ஒலிக்கும் எல்லைப்புற ஊர். கேழ்வரகும் தக்காளியும் ரோஜாவும் விளைகிற நிலங்களைச் சுற்றித் தொழிற்சாலைகள் எழுந்துகொண்டிருக்கின்றன. சிப்காட் தொழிற்பேட்டைக்காகத் தங்கள் நிலம் எடுக்கப்படக் கூடாது என்று இப்பகுதி உழவர்கள் நடத்திய போராட்டத்தை வாசகர்கள் அறிந்திருப்பர். கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பின், மகன் வேலை செய்யும் இடத்துக்கு அருகில் இருக்கலாம் என்று இங்கே குடிவந்தவன் நான். எங்கள் சபையும் இவ்வூரைப் போன்றதே. நிரந்தரப் பணியில் உள்ள பொறியாளர்கள், ஒப்பந்தத் தொழிலாளர்கள், விடுதிகளில் தங்கியிருக்கும் இளம்பெண்கள், என்னைப் போன்ற ஓய்வூதியர்கள், சில உள்ளூர்க் குடும்பங்கள் என எல்லாரும் சேர்ந்ததுதான் அது.

பொருளியல் படித்தவன் என்பதால் அந்த அட்டையைப் பற்றிச் சிலர் என்னிடம் கருத்துக் கேட்டார்கள். அவர்களுள், மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்த முறையில் வேலை செய்யும் ஓர் இளம்பெண் கேட்ட கேள்வி என்னைச் சிந்திக்க வைத்தது.

“சார், எனக்கு வேலையே பதினொரு மாசத்துக்குத்தான். அஞ்சு வருசத்துக்கு எப்படி சார் எழுதறது?”

நாற்பதாண்டுகளுக்கு நெருக்கமாகப் பொதுநிதியியல் கற்பித்தவன் நான். இவ்வளவு கூர்மையான கேள்வி என் வகுப்பறையில் அரிதாகவே எழுந்திருக்கிறது. ஒரு சமய நிறுவனம் தன் எதிர்காலத்துக்கான பொருளை உறுப்பினர்களிடம் கேட்பது முறையே. அதை எவ்வாறு கேட்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள். கோயில் திருப்பணிக்கும் பள்ளிவாசல் பராமரிப்புக்கும் நன்கொடை தருவோருக்கும் இச்செய்தி பயன்படும் என்று நம்புகிறேன்.

குத்தகையும் வாரமும்

நம் உழவர்களுக்கு நன்கு தெரிந்த இரண்டு சொற்களைக் கொண்டு இதனை விளக்கலாம். பிறர் நிலத்தைப் பயிரிடுபவர் இரண்டு வகையில் உடன்படிக்கை செய்துகொள்வார். விளைந்தாலும் விளையாவிட்டாலும் இத்தனை மூட்டை தருவதாக ஒப்புக்கொள்வது குத்தகை. விளைந்ததில் இத்தனை பங்கு என்பது வாரம். குத்தகையில் மழை பொய்க்கும் ஆபத்து முழுவதும் உழுபவர் தலையில் விழுகிறது. வாரத்தில் அந்த ஆபத்தை நிலவுடைமையாளரும் சேர்ந்து சுமக்கிறார். வாரமுறை பழமையின் எச்சம் என்று நெடுங்காலம் கருதிவந்த பொருளியலாளர்கள், அதனுள் இருக்கும் இடர்ப்பகிர்வைப் பின்னர்தான் கண்டுகொண்டனர். 1974இல் ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் எழுதிய ஆய்வுக் கட்டுரை இத்துறையில் புகழ்பெற்றது.

இனி வாக்குறுதி அட்டையைப் பாருங்கள். மாதம் இவ்வளவு, ஐந்தாண்டுகளுக்கு என்று எழுதிக் கையொப்பமிடுவது குத்தகை. வேலை இருக்கும் மாதத்துக்கும் இல்லாத மாதத்துக்கும் அதில் வேறுபாடு இல்லை. நிரந்தர ஊதியம் பெறுபவருக்கு இது பெரிய சுமையாகாது. பதினொரு மாத ஒப்பந்தத்தில் உள்ளவருக்கோ, அவர் கட்டுப்பாட்டில் இல்லாத ஓர் இடர் அவருடைய மனச்சான்றின் மேல் கடனாக ஏற்றப்படுகிறது. சட்டப்படி அந்தக் கடனை யாரும் வசூலிக்கப் போவதில்லை. ஆனால், இறைவன் பெயரால் எழுதிக் கொடுத்ததை நிறைவேற்ற இயலாதவர், வட்டிக்கடைக்காரரிடம் தவணை தவறியவரைவிட அதிகமாகக் கூனிக் குறுகுவார். பலர் சபைக்கு வருவதையே நிறுத்திவிடுவார்கள்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் பணிபுரிந்த ஊர் ஒன்றில் அவ்வாறு நடந்ததைக் கண்டிருக்கிறேன். அங்கே கட்டட நிதிக்கு வாக்களித்தவர்களின் பெயரும் தொகையும் நிலுவையும் மாதக் கடைசி ஞாயிறன்று ஆராதனையின் முடிவில் வாசிக்கப்படும். இரவுக் காவலர் ஒருவருடைய பெயர் மூன்று மாதங்கள் தொடர்ந்து நிலுவைப் பட்டியலில் வந்தது. நான்காம் மாதம் அந்தக் குடும்பத்தை அங்கே காணவில்லை. கட்டடம் எழுந்தது, அழகாகவும் இருந்தது. அந்தக் குடும்பம் திரும்பி வரவில்லை. அன்று எழுந்து நின்று ஆட்சேபித்திருக்க வேண்டிய நான், வாளாவிருந்தேன்.

அம்மாவின் அரிசிக் கலயம்

இதற்கு மாற்று வழியை மேலைநாட்டு நூல்களில் தேட வேண்டியதில்லை. நெல்லைச் சீமையில் நான் வளர்ந்த வீட்டு அடுக்களையில் ஒரு சிறு மண்கலயம் இருந்தது. உலையில் இடுவதற்காக அளந்த அரிசியிலிருந்து, களைவதற்கு முன் ஒரு கைப்பிடி எடுத்து அம்மா அதில் போடுவார். வாரக் கடைசியில் சபையிலிருந்து ஒரு பெண் வந்து அதைப் பையில் கொட்டிக்கொண்டு போவார். இதுவே கைப்பிடி அரிசிக் காணிக்கை. தென்தமிழ்நாட்டுத் திருச்சபைகளின் வரலாற்றில் இந்தக் கலயத்துக்கு உள்ள இடம் பெரிது.

ஒரு கைப்பிடி என்பது ஏறத்தாழ ஐம்பது கிராம். நாளுக்கு இரண்டு வேளை என்றால் நூறு கிராம். ஓராண்டில் ஒரு வீட்டிலிருந்து முப்பத்தாறு கிலோ. இருநூறு வீடுகள் உள்ள ஊரிலிருந்து ஏழு டன்னுக்கு மேல். ரொக்கமே அரிதாகப் புழங்கிய காலத்தில், கூலி வேலை செய்த குடும்பங்களிடமிருந்து இவ்வளவு திரண்டது. தந்தவர் எவரும் ஏழையாகிவிடவில்லை.

ஆனால் அளவைவிட அதன் அமைப்பே என்னை வியக்க வைக்கிறது. உலை வைத்த வேளைக்கே கைப்பிடி. உலை கொதிக்காத நாளில் கலயத்தில் அரிசி விழாது. அதற்காக எவரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. நிலுவை என்று எவரும் எழுதுவதும் இல்லை. வருவாய் குறைந்தால் காணிக்கை தானே குறைகிறது. வருவாய் மீண்டால் தானே மீள்கிறது. இது வாரமுறையின் மிகத் தூய வடிவம். இதைச் செய்தவர்கள் பெண்கள் என்பதும் கருதத்தக்கது. பணப்பெட்டியின் சாவி ஆண்களிடம் இருந்த காலத்தில், அடுக்களை அரிசி ஒன்றே பெண்கள் தம் விருப்பப்படி ஒதுக்கக்கூடிய செல்வமாக இருந்தது.

இந்த அறிவு ஒரு சமயத்துக்கு மட்டும் உரியதன்று. விருதுநகரில் காமராஜர் படித்த சத்திரிய வித்யாசாலை, வணிகர்கள் தங்களுக்குள் விதித்துக்கொண்ட மகமையாலும் வீடுதோறும் திரட்டிய பிடி அரிசியாலும் நடந்த பள்ளி. மிசோரம் திருச்சபைகளில் இதே வழக்கம் ‘புஹ்ஃபாய் தாம்’ என்ற பெயரில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இன்றுவரை நடக்கிறது. அம்மாநிலத் திருச்சபைகளின் அருட்பணிக்கு அது ஒரு முக்கிய வருவாய். கொரியப் பெண்களும் சமைக்கும்போது அரிசி ஒதுக்கித் தம் சபைகளைத் தாங்கியிருக்கிறார்கள்.

இம்முறையில் குறை இல்லாமல் இல்லை. செல்வர் வீட்டுக் கைப்பிடியும் ஏழை வீட்டுக் கைப்பிடியும் ஏறக்குறைய ஒரே அளவு. வருவாயோடு ஒப்பிட்டால் ஏழையே அதிக விகிதம் தருகிறார். இதனை நேர்செய்யவும் நம் சபைகள் ஒரு வழி வைத்திருந்தன. ஆண்டுக்கொரு முறை வரும் அறுப்பின் பண்டிகையில் மக்கள் தங்கள் விளைச்சலைக் கொண்டுவந்து படைப்பார்கள்: நெல், வாழைத்தார், கோழி, பூசணி. ஆராதனைக்குப் பின் அவை ஏலம் விடப்படும். ஓர் எலுமிச்சம்பழம் சந்தை விலையைப் போல் நூறு மடங்குக்குப் போகும். விலை கோட்பாட்டின்படி இது மடமை. உண்மையில் அங்கே விற்கப்படுவது எலுமிச்சை அன்று. வசதி உள்ளவர் தம் வசதிக்கு ஏற்பக் கூடுதலாகத் தருவதற்கான ஒரு மகிழ்ச்சியான வாய்ப்பு. எல்லாருக்கும் கைப்பிடி, இயன்றவர்க்கு ஏலம் என்று இரண்டும் சேர்ந்தே ஒரு முழுமையான நிதி ஏற்பாடாக இயங்கின.

பொருளும் ஆட்சியும்

இவ்வளவு பாடுபட்டுத் தாங்களே பணம் திரட்ட வேண்டிய தேவை என்ன என்று கேட்கலாம். அயல்நாட்டுச் சங்கங்கள் தந்துகொண்டுதானே இருந்தன? தந்தார்கள், ஆனால் பொருள் தருபவரே முடிவெடுப்பவராகவும் இருந்தார். இதனை அக்காலத்திலேயே உணர்ந்தவர்களுள் ஒருவர் இலண்டன் சர்ச் மிஷன் சங்கத்தின் செயலராக 1841 முதல் முப்பதாண்டுகளுக்கு மேல் இருந்த ஹென்றி வென். உள்ளூர்த் திருச்சபை தன்னைத் தானே தாங்கி, தானே ஆண்டு, தானே பரவ வேண்டும். அதன்பின் அயல் சங்கம் விலகிவிட வேண்டும் என்பது அவர் வகுத்த கொள்கை. தாங்குதல், ஆளுதல், பரப்புதல் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று சார்ந்தவை என்று அவர் கண்டார்.

அக்கொள்கையைத் தமிழர்கள் செயலாக்கிய வரலாறு உணர்ச்சி மிகுந்தது. இன்றைய தூத்துக்குடி மாவட்டத்து வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வே. சா. அசரியா, 1902இல் யாழ்ப்பாணத்துக்குச் சென்றார். அங்குள்ள தமிழ்க் கிறித்தவர்கள் சிறு எண்ணிக்கையினராக இருந்தும், தங்கள் பணத்தில் வேறிடத்துக்குப் பணியாளர்களை அனுப்பி வந்ததைக் கண்டார். எண்ணிக்கையில் மிகப் பெரிய நெல்லைச் சபைகள் அவ்வாறு செய்யவில்லையே என்ற நாணம் அவரைத் தொட்டது. மறு ஆண்டு, 1903 பிப்ரவரி 12 அன்று, பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தோன்றியது. இந்திய மனிதர், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பது அதன் அடிப்படை. நிசாம் ஆட்சிப் பகுதியில் தெலுங்கு பேசும் தோர்ணக்கல் அதன் முதல் களமாயிற்று. பனைத்தொழிலாளர்களும் சிறு உழவர்களும் நிறைந்த சபைகள், தாங்கள் ஒருபோதும் பார்த்திராத ஊருக்காகத் தங்கள் அரிசியையும் காசையும் ஒதுக்கின.

1905 டிசம்பர் 25 அன்று வங்கத்தின் செராம்பூரில் தேசிய மிஷனரி சங்கம் அதே கொள்கையோடு தொடங்கப்பட்டது. அதனைக் கட்டியெழுப்பியவர்களுள் முதன்மையானவர் சேலத்தில் பிறந்த கே. டி. பால். அன்று ஓசூர் வட்டமும் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்ததே என்பதால், அவரை எங்கள் பகுதிக்காரர் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை எங்களுக்கு உண்டு. உழவர்கள் கடனில் மூழ்கியிருக்கும்போது திருச்சபை தன்னைத் தாங்கிக்கொள்ள இயலாது என்று உணர்ந்த அவர், சிற்றூர்களில் கூட்டுறவுக் கடன் சங்கங்களை வளர்ப்பதில் பெரும் ஆர்வம் காட்டினார். காணிக்கை கேட்பதற்கு முன், கொடுப்பவரின் பொருளாதாரத்தை எண்ணிப் பார்த்த மனிதர் அவர்.

அசரியா 1912இல் தோர்ணக்கல் பேராயராகி, ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் என்ற இடத்தைப் பெற்றார். அவருடைய மக்களில் பெரும்பாலோர் நிலமற்ற, தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான உழைப்பாளிகள். அவர்களிடம் கொடுக்கச் சொல்வது கொடுமை என்று எண்ணியவர்கள் உண்டு. பெறுபவராகவே என்றும் இருப்பது ஒருவரின் தன்மதிப்பைக் குலைக்கும். கொடுப்பவரே நிறுவனத்தின் உரிமையாளர் என்று அசரியா கருதினார். அங்கும் கைப்பிடி அரிசியும் அறுவடைக் காணிக்கையும் வேரூன்றின. கொடைபற்றித் தனி நூலே அவர் எழுதியிருக்கிறார். தோர்ணக்கல் பேராலயம் இந்தியக் கட்டடக் கலைக் கூறுகளோடு மெல்ல மெல்ல எழுந்து, 1939 ஜனவரி 6 அன்று அர்ப்பணிக்கப்பட்டது. அவசரப்பட்டுக் கடன் வாங்கிக் கட்டியிருந்தால் அது விரைவில் முடிந்திருக்கலாம், அம்மக்களுடையதாக இருந்திருக்காது.

மூலதனமா, மாதக் காணிக்கையா?

எங்கள் சபையில் சிலர், ஒரு பெருந்தொகையை ஒரே முறை திரட்டி வைப்பு நிதியாகப் போட்டுவிட்டால் ஆண்டுதோறும் மக்களிடம் கேட்க வேண்டாமே என்றார்கள். இதுவும் பழைய சிந்தனைதான். சோழர் காலக் கல்வெட்டுகளில், கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய 96 ஆடுகள் கொடுத்த செய்தி மீண்டும் மீண்டும் வருகிறது. அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழடு தட்டும் ஆட்டுக்கு ஈடாகக் குட்டிகள் வளர்வதால் மந்தையின் எண்ணிக்கை மாறாது என்று கொண்டு, அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்றனர். மூலதனத்தை அழிக்காமல் அதன் பயனை மட்டும் நுகரும் அறக்கட்டளைத் தத்துவம் இதைவிட அழகாக எங்கும் சொல்லப்படவில்லை.

ஆயினும், பஞ்சத்தில் ஆடுகள் செத்தாலும் நெய் அளக்கும் பொறுப்பு இடையருக்கே இருந்தது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். நிலையான வருவாய்க்குப் பின்னால் யாரோ ஒருவர் இடரைச் சுமக்கிறார்.

வைப்பு நிதியில் மற்றொரு சிக்கலும் உண்டு. 1776இல் வெளிவந்த ‘நாடுகளின் செல்வம்’ நூலில் ஆடம் ஸ்மித் இதை ஆராய்ந்திருக்கிறார். கேட்போரின் மனமுவந்த கொடையைச் சார்ந்திருக்கும் சமய ஆசிரியர்கள் ஊக்கத்தோடு உழைப்பர்; நிலையான மானியத்தில் வாழ்பவர்கள் மக்களை மறந்து சோம்பிவிடுவர் என்பது அவர் கணிப்பு. அவருடைய நண்பர் டேவிட் ஹியூம் இதற்கு நேர்மாறாக, காணிக்கைக்காகப் போட்டியிடும் குருமார் மக்களின் மூடநம்பிக்கையைத் தூண்டிவிடுவர் என்று அஞ்சினார். இன்றைய தொலைக்காட்சிப் பிரசங்கிகள் சிலரைப் பார்க்கும்போது ஹியூமின் அச்சமும் பொய்யன்று எனத் தோன்றுகிறது. மக்களின் கொடையைச் சார்ந்திருக்க வேண்டும். அதே நேரத்தில், கேட்கும் முறைக்கு ஒழுங்கும் கணக்குக்கு வெளிச்சமும் வேண்டும். இருவரையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் பாடம் இதுதான்.

ஜெர்மனியில் திருச்சபை வரியை அரசே வசூலித்துத் தருகிறது. வருமான வரியில் மாநிலத்துக்கேற்ப எட்டு அல்லது ஒன்பது விழுக்காடு கூடுதலாகப் பிடிக்கப்படும். வருமான வரி கட்டாதவருக்கு இந்த வரியும் இல்லை. நம் கைப்பிடி அரிசியின் நற்பண்பு இதில் இருக்கிறது. ஆனால் கலயத்தில் அரிசி இடும் கைக்கும் சபைக்கும் உள்ள நெருக்கம் இதில் இல்லை. வரியிலிருந்து விடுபடுவதற்காகவே சபை உறுப்பினர் பதிவிலிருந்து விலகுவோர் அங்கே பலர்.

வெளிநாட்டு உதவியை இனியும் நம்பியிருக்க இயலாது. 1976இல் வந்த அயல்நாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் இடத்தில் 2010இல் புதிய சட்டம் வந்தது. 2020ஆம் ஆண்டுத் திருத்தம், அயல்நாட்டு நிதியில் நிர்வாகச் செலவுக்கான வரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைத்தது. ஓர் அமைப்பு பெற்ற நிதியை இன்னோர் அமைப்புக்கு மாற்றித் தருவதைத் தடுத்தது. இத்திருத்தத்தின் நியாயம்பற்றிக் கருத்து வேறுபாடுகள் உண்டு. ஆனால், அசரியாவின் தலைமுறை தன்மானத்துக்காகத் தேர்ந்த தன்னிறைவு, எங்கள் தலைமுறைக்குக் கட்டாயமாகிவிட்டது.

அழைப்பில் இருக்க வேண்டியவை

சபைக் குழுவினர் என் கருத்தை எழுத்தில் கேட்டபோது நான்கு செய்திகளை எழுதிக் கொடுத்தேன்.

முதலாவது, அட்டையில் தொகை எழுதும் இடத்தோடு, வருவாயில் ஒரு பங்கு என்று எழுதவும் இடம் இருக்க வேண்டும். எழுதியதை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், நிறுத்தலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை என்ற வரி தெளிவாக அச்சிடப்பட வேண்டும். இதில் புதுமை ஒன்றும் இல்லை. எருசலேமின் ஏழைகளுக்காக நிதி திரட்டிய பவுல், கொரிந்து சபையாருக்கு எழுதியபோதே அவரவர் வரவுக்குத் தக்கபடி வாரந்தோறும் ஒதுக்கி வைக்கும்படிதான் கேட்டுக்கொண்டார்.

இரண்டாவது, யார் எவ்வளவு தருகிறார் என்பது பொருளாளர் ஒருவருக்கு மட்டுமே தெரிய வேண்டும். பெயர் வாசிப்பதும் பலகையில் எழுதுவதும் கூடாது. பெருந்தொகை தருபவரின் பெயரைக் கல்லில் பொறிப்பதும் இதில் அடங்கும்.

மூன்றாவது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவு முழுவதும் அறிவிப்புப் பலகையில் தமிழில் எழுதப்பட வேண்டும். ஒரு பணிக்காகப் பெற்ற பணத்தை வேறொரு பணிக்குத் திருப்பக் கூடாது. திருப்ப நேர்ந்தால் சபைக் கூட்டத்தின் ஒப்புதல் பெற வேண்டும். தாம் திரட்டிய நிதியைத் தனியே எடுத்துச் செல்லாமல், சபைகள் தெரிந்தெடுத்தவர்களையும் உடன் அழைத்துச் செல்ல வேண்டும் என்பதில் பவுல் கவனமாக இருந்தார். அவருக்கே அந்த முன்னெச்சரிக்கை தேவைப்பட்டது என்றால், நம் குழுக்களுக்குத் தேவைப்படாதா? திருச்சபைச் சொத்து வழக்குகள் நீதிமன்றங்களில் நிறைந்து கிடக்கும் நாட்டில் வாழ்கிறோம்.

நான்காவது, எதற்குச் செலவிடுவது என்பதைத் தீர்மானிக்கும் கூட்டத்தில் நூறு ரூபாய் தருபவருக்கும் பத்தாயிரம் தருபவருக்கும் ஒரே வாக்கு. எங்கள் சபையின் கடிதத்தில் மூன்று பணிகள் இருந்தன. ஆலயத்துக்கு முகப்புக் கோபுரம், வெளிமாநிலத் தொழிலாளர்களின் குழந்தைகளுக்கு மாலைநேரப் படிப்பகம், தொழிற்சாலைப் பெண்களுக்கு உதவ முழுநேரப் பணியாளர் ஒருவர். நிதியின் பெரும்பகுதி கோபுரத்துக்கே ஒதுக்கப்பட்டிருந்தது. கட்டடம் கண்ணுக்குத் தெரியும். ஒருமுறை செலவோடு முடியும். ஆசிரியரின் ஊதியம் கண்ணுக்குத் தெரியாது; மாதந்தோறும் வரும். ஆகவே பெருங்கொடையாளர்கள் கட்டடத்தையே விரும்புவது உலகெங்கும் உள்ள வழக்கம். விடுதியில் தங்கியிருக்கும் பெண்களிடம் கேட்டிருந்தால் வரிசை மாறியிருக்கும்.

பெரிய கொடையாளர்கள் சிலரிடமே கேட்டால் போதாதா என்றும் ஒருவர் வினவினார். அவருக்கு ஒரு கணக்குச் சொன்னேன். இருபது குடும்பங்கள் மாதம் இரண்டாயிரம் ரூபாய் தந்தால் நாற்பதாயிரம். நூற்றிருபது குடும்பங்கள் சராசரியாக முந்நூறு தந்தால் முப்பத்தாறாயிரம். முதல் வழி சற்று அதிகம்தான். ஆனால் இது தொழிற்பேட்டை ஊர். நான்கு பொறியாளர்கள் புனேவுக்கோ சென்னைக்கோ மாற்றலாகிப் போனால், முதல் வழியில் எட்டாயிரம் குறையும். இரண்டாம் வழியில் ஆயிரத்து இருநூறு மட்டுமே. பலருடைய சிறு கைப்பிடிகளின்மேல் நிற்கும் நிறுவனம் சிலருடைய பெருங்கொடையின்மேல் நிற்பதைவிட உறுதியானது.

குழு இரண்டு வாரம் விவாதித்தது. முதல் இரண்டையும் ஏற்றுக்கொண்டது. மூன்றாவதைச் சிறு வாக்குவாதத்துக்குப் பின் ஏற்றது. நான்காவது, வரும் சபைக் கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. கோபுரமா, படிப்பகமா என்ற கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது. அதில் நான் எந்தப் பக்கம் என்பதை வாசகர்கள் ஊகித்திருப்பர்.

புதிய அட்டை அச்சாகி வந்த ஞாயிறன்று அந்த இளம்பெண் தன் அட்டையை என்னிடம் காட்டினார். தொகை எழுதும் இடத்தை வெறுமையாக விட்டு, அதன் கீழே ‘வேலை இருக்கும் மாதத்தில் ஒரு நாள் கூலி’ என்று எழுதியிருந்தார். அது முப்பதில் ஒரு பங்கு. வேலை இல்லாத மாதத்தில் சுழி. என் அம்மாவின் கலயத்தைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை.

என் அட்டையில் நான் தொகையையே எழுதினேன், ஐந்தாண்டுகளுக்கும் சேர்த்து. மாதம் பிறந்தால் என் ஓய்வூதியம் வங்கிக்கு வந்துவிடுகிறது. மழையோ மந்தமோ அதைத் தொடுவதில்லை. குத்தகையைச் சுமக்கக் கூடியவர் குத்தகையை ஏற்க வேண்டும். இயலாதவருக்கு வாரத்தை விட்டுவிட வேண்டும். எதிர்காலத்துக்காக மக்களிடம் கையேந்தும் எந்த நிறுவனமும், அவர்களின் நாளைய அடுப்பைப் பற்றி ஒரு கணம் எண்ணிய பிறகே கையை நீட்டட்டும்.